சொல்லி வைத்துவிட்டுப் போன காலம்

இராஜபாளையத்தில் நாங்கள் பள்ளி முடித்த 1986இல் எங்கள் தெருவில் தொலைபேசி இருந்தது ஒரு பஞ்சு வியாபாரியின் வீட்டில் மட்டும்தான். அந்த வீட்டு மணி வழியாக எங்களைப் போன்றவர்களுக்கு வருவது பெரும்பாலும் சாவுச் செய்தியாகவே இருக்கும் என்பதால், அவர்கள் வீட்டு வேலையாள் வேகமாக நடந்து வருவதைக் கண்டாலே பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். மற்றபடி நேரத்தை மில் சங்கும், ஊர்ச் செய்தியை டீக்கடையும், வெளியூர்ச் செய்தியைத் தபால்காரரும் சொன்னார்கள். இணையம் இல்லாத காலம் என்று இன்று எழுதினால் பெரிய குறையோடு நாங்கள் வாழ்ந்ததுபோலத் தொனிக்கிறது. அப்போது அப்படி எதுவும் எங்களுக்குத் தோன்றவில்லை.

அந்த வயதில் நண்பர்களோடு ஊர் சுற்றியதைப் பற்றிப் பேசுகிறவர்கள், ‘கவலையே இல்லாத காலம்’ என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது முழுமையாக ஒப்புதலில்லை. கவலை அப்போதும் இருந்தது. அதை நாங்கள் சுமக்கவில்லை, எங்களுக்காக வேறு சிலர் சுமந்தார்கள், அவர்களில் பலர் எங்களுக்கு முன்பின் தெரியாதவர்கள் என்பதே நான் சொல்ல விரும்புவது. ஒரு பயணத்தை வைத்து இதைச் சொல்வது எளிது.

நாங்கள் நான்கு பேர். ஒருவனை ‘ஜட்ஜ்’ என்றுதான் அழைப்போம். எதைக் கேட்டாலும் இரு தரப்பையும் விசாரித்துவிட்டுத்தான் வாய் திறப்பான். அவனுடைய அப்பா மில்லில் மேஸ்திரி. இன்னொருவன் ‘நெட்டை’, ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் தெருவில் இறங்குவான். மூன்றாமவன் பள்ளி விட்டதும் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கப் போய்விடுவான். அவன் நகக்கண்ணில் எப்போதும் மை இருக்கும். எங்கள் நால்வருக்கும் சாதி வேறு, வசதி வேறு. ஒருவர் வீட்டில் மற்றவர் உட்கார்ந்து சாப்பிடுவதில் சில வீடுகளில் வெளியே சொல்லாத ஒரு தயக்கம் இருந்தது. வெளியூர் ஓட்டல் பெஞ்சில் அது இருக்கவில்லை. ஊர் சுற்றுவதில் எங்களுக்கு இருந்த வெறிக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அன்று அதை யாரும் சொல்லிக்கொண்டதில்லை.

ஜட்ஜிடம் தென்னக ரயில்வேயின் கால அட்டவணைப் புத்தகம் ஒன்று இருந்தது. பழைய ஆண்டுப் புத்தகம்தான். வண்டிகளின் நேரம் ஒன்றிரண்டு மாறியிருக்கும், ஆனால் ஊர்கள் மாறியிருக்காது அல்லவா என்பான். விருதுநகரில் தொடங்கி திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என்று சொல்லிக்கொண்டே வந்து, அங்கிருந்து மலையேறி பகவதிபுரம், ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாக எங்களைக் கொல்லத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவான். மேற்குக் கடலை எங்களில் யாரும் பார்த்ததில்லை. கிழக்குக் கடலையே திருச்செந்தூரில் மொட்டை போட்டபோது பார்த்ததுதான்.

அந்த ஆண்டு ப்ளஸ் டூ தேர்வு முடிவு, வழக்கம்போல மாலைப் பத்திரிகையில் பதிவு எண்களாக வந்தது. பஸ்ஸிலிருந்து கட்டு இறங்கியதும் பிரிப்பதற்குள் கையிலிருந்து கைக்குப் போய், ஒரு தாளை ஐந்தாறு பேர் பிடித்துக்கொண்டு பொடி எழுத்தில் எண்களைத் தேடுவோம். நெட்டையின் எண் அதில் இல்லை. கணக்கு அவன் காலை வாரிவிட்டிருந்தது. அவனைத் தேற்றுவதற்காகத்தான் குற்றாலம் என்று வெளியில் சொல்லிக்கொண்டோம். தேறிய எங்களுக்கும் அது தேவைப்பட்டது என்பது வேறு விஷயம். பாடப் புத்தகங்களை அடுத்த ஆண்டு மாணவர்களுக்குப் பாதி விலைக்கு விற்றதில் வழிச்செலவுக்குப் பணம் சேர்ந்தது. நெட்டை மட்டும் கணக்குப் புத்தகத்தை விற்க முடியவில்லை. அவனுக்கு அது மறுபடியும் வேண்டியிருந்தது.

வீட்டில் சொன்னது இவ்வளவுதான்: குற்றாலம் போகிறோம், ரெண்டு மூணு நாளில் வந்துவிடுவோம். எங்கே தங்குவீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, அங்கே போய்ப் பார்த்துக்கொள்வோம் என்றேன். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை. புளிச்சோற்றை வாழையிலையில் கட்டி, அதன்மேல் ஒரு தாளைச் சுற்றி, பையில் வைத்தாள். நான் தெருமுனை திரும்பிய பிறகு, திரும்பி வரும் வரைக்கும் நான் எங்கே இருக்கிறேன், உயிரோடு இருக்கிறேனா என்று அறிய அவளுக்கு எந்த வழியும் கிடையாது. இதை அன்று நான் சுதந்திரம் என்று எண்ணினேன். சுதந்திரம்தான், ஆனால் அதற்கான விலையை அந்த வீட்டில் வேறொருவர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

காலைப் பாசஞ்சருக்கு நெட்டை வரவில்லை. ரயில் நிலையத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் கூடுவது என்று முந்தைய நாள் பேசி வைத்திருந்தோம். அந்தக் காலத்தில் பேச்சு என்றால் பேச்சு. மாற்ற வேண்டுமானால் ஆள் நேரில் வந்தாக வேண்டும், வராவிட்டால் பேசியது பேசியபடி நிற்கும். கெட்டி அட்டையில் அச்சடித்த டிக்கெட்டை இயந்திரத்தில் கொடுத்து, தேதி பதியும் ‘டக்’ சத்தத்தோடு வாங்கிக்கொண்டு, வண்டி ஊதும் வரை சாலையையே பார்த்து நின்றோம். ஜட்ஜ் இரு தரப்பையும் யோசித்துத் தீர்ப்புச் சொன்னான். “அவனுக்கு வழி தெரியும்டா. போற எடத்துல எல்லாம் சொல்லி வச்சுட்டுப் போவோம்.”

மீட்டர் கேஜ் வண்டி. நீராவி என்ஜின். முகத்தை வெளியே நீட்டினால் கரித்தூள் கண்ணில் விழும். விழுந்தால் கசக்கக் கூடாது, இமையைப் பிடித்து இழுத்துவிட வேண்டும் என்று எதிரே இருந்த பாட்டி வைத்தியம் சொன்னார். சங்கரன்கோவில் வரைக்கும் கரிசலும் வெயிலும்தான். கடையநல்லூரை நெருங்கும்போது வயல் பச்சை தொடங்கும், காற்றின் குணம் மாறும். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஜூன் மாதத்தில் மேற்கிலிருந்து இறங்கும் அந்தக் காற்றை அறிந்தவர்களுக்குத்தான் தெரியும்: ஈரமும் இல்லாமல் வறட்சியும் இல்லாமல், சட்டையைப் படபடவென்று அடித்துக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டுகிறது என்ற செய்தியை மட்டும் இந்தப் பக்கம் கொண்டுவரும். தென்காசியில் இறங்கியபோது வெயில் அடித்துக்கொண்டிருக்க, கூடவே பொடிச் சாரலும் விழுந்தது. இன்று தொலைவிலிருந்தே கண்ணில் படும் தென்காசிக் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரம் அப்போது இல்லை. அதற்குக் குடமுழுக்கு நடந்தது 1990இல்.

ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு டீக்கடை. டீ குடித்துவிட்டு, கடைக்காரரிடம் ஜட்ஜ் விவரம் சொன்னான்: “அண்ணாச்சி, எங்க கூட்டாளி ஒருத்தன் வருவான். நல்லா உயரமா இருப்பான், காலரைத் தூக்கி விட்டிருப்பான். வந்தா, அருவிக்குப் போயிட்டோம்னு சொல்லுங்க.” அவர் பாய்லரிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினார். பேர் என்ன, ஊர் என்ன என்று கேட்கவில்லை. குற்றாலத்தில் பேரருவிக்குப் போகும் வழியில் ஒரு பழக்கடையில் அதையே மறுபடி சொன்னோம். பேரருவியில் கூட்டம் நெரிந்ததால் ஐந்தருவிக்குப் போக முடிவு செய்தபோது, திரும்பவும் பழக்கடைக்கு வந்து செய்தியைத் திருத்தினோம். மங்குஸ்தான் பழங்களை அடுக்கிக்கொண்டிருந்த அந்தப் பெரியவர், “ஐந்தருவிதானே? சரிய்யா, நான் பார்த்துக்கிடுதேன். நீங்க நிம்மதியாக் குளிங்க,” என்றார்.

அவர் நிஜமாகவே பார்த்துக்கொண்டார். நாங்கள் ஐந்தருவியில் குளித்துவிட்டுத் துண்டைப் பிழிந்துகொண்டு நிற்கும்போது, முன்பின் பார்த்திராத ஒரு பையன் எங்களை நோக்கி வந்தான். எங்கள் வயதுதான் இருக்கும். நல்ல உயரம். காற்றுக்கு அவன் காலர் நிமிர்ந்திருந்தது. கொஞ்சம் கோபமும் கொஞ்சம் குழப்பமுமாக, “என்னைய எதுக்கு ஐந்தருவிக்கு வரச் சொன்னிய?” என்றான்.

நாங்கள் விழித்தோம். அவன் சொன்னதிலிருந்து புரிந்தது இது. பழக்கடைப் பெரியவர் அந்த வழியே போன உயரமான பையன்களை எல்லாம் நிறுத்தி, ‘ஒங்கூட்டாளிக ஐந்தருவிக்குப் போயிட்டாவ, ஒன்னைய அங்க வரச் சொன்னாவ’ என்று சொல்லியனுப்பிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இவன் கடையநல்லூரிலிருந்து சொந்தக்காரப் பையன்களோடு வந்தவன். கூட்டத்தில் அவர்களைத் தவற விட்டுத் தேடிக்கொண்டிருந்ததால், செய்தி தனக்குத்தான் என்று நம்பிப் பஸ் ஏறி வந்துவிட்டான். கோபத்தோடு வந்தவன், விவரம் தெரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஒருவன் தன்னுடைய ஆட்களைத் தொலைத்திருக்க, நாங்கள் எங்கள் ஆளைத் தொலைத்திருக்க, இரண்டு தொலைந்த கணக்கையும் அந்தப் பெரியவர் நேர் செய்துவிட்டார் என்று அச்சகத்துக்காரன் சொன்னான். மிச்சமிருந்த புளிச்சோற்றை நால்வராகச் சாப்பிட்டோம். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘கடையநல்லூர்’. அவனுடைய சொந்தக்காரர்கள் மாலையில் பேரருவிக்கரையில் கிடைத்தார்கள். ஆனால் அதற்குள் அவன் எங்கள் ஆளாகியிருந்தான்.

நெட்டை இரவில் வந்து சேர்ந்தான். கணக்கில் தோற்றவனுக்குக் குற்றாலம் ஒரு கேடா என்று அவன் அப்பா காலையில் கதவருகே உட்கார்ந்துவிட்டாராம். அவர் இரண்டாம் ஷிப்டுக்குப் போகும்வரை காத்திருந்து, பஸ் பிடித்து வந்திருக்கிறான். தென்காசியில் அவன் இறங்கும்போது நாங்கள் சொல்லி வைத்த டீக்கடை அடைத்தாகிவிட்டது. ஆனால் கடையை அடைத்துவிட்டுப் போகும் முன், அந்த டீக்கடைக்காரர் பக்கத்து வெற்றிலைபாக்குக் கடையில் எங்கள் செய்தியை ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். வெற்றிலைபாக்குக் கடைக்காரர் இவனைக் கண்டதும், ‘நீதானே அந்த நெட்டை?’ என்று கேட்டிருக்கிறார். இதை அவன் எங்களிடம் சொன்னபோது யாரும் வியக்கவில்லை. அப்படித்தானே நடக்கும் என்பதுபோலக் கேட்டுக்கொண்டோம். வியப்பெல்லாம் இப்போதுதான் வருகிறது. ஒரு டீக்கு மட்டும் காசு கொடுத்த, இனி வருவார்களா என்று தெரியாத பையன்களின் செய்தியை, கடைச் சாவியோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொண்ட மனிதரை நாங்கள் திரும்பும்போது பார்த்து நன்றிகூடச் சொல்லவில்லை.

குற்றாலத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் கட்டுரை அங்கேயே தங்கிவிடும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். பேரருவியில் நீர் மேலிருந்து நேராக நம் தலையில் விழுவதில்லை. பாறையின் நடுவில் உள்ள பொங்குமாக்கடல் என்னும் பள்ளத்தில் விழுந்து, பொங்கி, அதன் பிறகே கீழே இறங்குகிறது. அந்தப் பள்ளம் வேகத்தை வாங்கிக்கொள்வதால்தான் அவ்வளவு உயரத்திலிருந்து விழும் நீரில் மனிதர்கள் நிற்க முடிகிறது. இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால், உச்சந்தலையில் விழும் அடியில் காது அடைத்துவிடும். பக்கத்தில் நிற்பவன் வாயைத் திறந்து கத்துவது தெரியும், சொல் கேட்காது. கத்துகிறவனுக்கும் தான் கத்துவது கேட்காது. நெட்டை அன்று அருவிக்குள் நின்று நெடுநேரம் எதையோ கத்திக்கொண்டிருந்தான். என்ன கத்தினாய் என்று வெளியே வந்ததும் கேட்டோம். கணக்கு வாத்தியாரைத் திட்டினேன் என்றான்.

இரவில் ஒரு சத்திரத்துத் திண்ணையில் படுத்தோம். சீசனில் அறை கிடைக்காது; கிடைத்தாலும் எங்கள் பணத்துக்குக் கிடைக்காது. காவலாளி முதலில் விரட்டினார், பிறகு எந்த ஊர் என்று கேட்டார், பிறகு யார் மகன் என்று கேட்டார். எங்கள் அப்பாக்களில் ஒருவரைக்கூட அவருக்குத் தெரியாது. ஆனாலும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் படுக்கவிட்டார். மறுநாள் செண்பகதேவி அருவிக்கு மலைப்பாதையில் நடந்தோம். அன்று அங்கே யாரும் தடுக்கவில்லை. இன்று வனத்துறை பொதுமக்களை மேலே விடுவதில்லை. அது சரி என்றே எனக்குப் படுகிறது. பழைய குற்றால அருவியில் 2024 மே 17 அன்று திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துக்கொண்டுபோனதைப் படித்த அன்று, ஜட்ஜ் எனக்குத் தொலைபேசியில் பேசினான். நாங்கள் வழுக்குப் பாறைகளில் குதித்து விளையாடியதும் அந்த வயதில்தான். மேலே மலையில் எவ்வளவு மழை பெய்கிறது என்று கீழே இருந்த எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. நாங்கள் முழுதாக வீடு திரும்பியதில் எங்கள் சாமர்த்தியம் ஏதும் இல்லை. தண்ணீர் அன்று வரவில்லை, அவ்வளவுதான்.

அச்சகத்துக்காரன் தன் முதலாளியிடமிருந்து அக்ஃபா கிளிக் 3 கேமரா ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தான். ஒரு ரோலில் பன்னிரண்டு படம். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் விவாதம் நடந்தது. இங்கே எடுக்கலாமா, இதைவிட நல்ல இடம் மேலே வருமா என்று பேசிப் பேசியே வெளிச்சம் போய்விடும். எடுப்பவன் படத்தில் இருக்க மாட்டான் என்பதால், நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருக்கும் படம் எதுவும் இல்லை. ஊர் திரும்பியபோது இரண்டு படம் மிச்சம் இருந்தது. மிச்சம் வைத்துக் கழுவக் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஜட்ஜ் வீட்டுப் பசு கன்று போடும்வரை காத்திருந்து, கன்றுக்குட்டியை இரண்டு கோணத்தில் எடுத்த பிறகே ரோல் ஸ்டுடியோவுக்குப் போனது. குற்றாலம் எப்படி இருந்தது என்று நாங்கள் பார்க்கும்போது சீசனே முடிந்திருந்தது. அந்தப் படங்கள் இப்போது என்னிடம் இல்லை. கன்றுக்குட்டி படம் மட்டும் ஜட்ஜிடம் இருக்கிறது.

செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகும் முடிவைத் திண்ணையில் படுத்துக்கொண்டே எடுத்தோம். கடையநல்லூர் தானும் வருவதாகச் சொல்லி, தங்கள் ஊர் வழியாகப் போகும் பஸ்ஸின் கண்டக்டரிடம் மாமாவின் கடைப் பெயரைச் சொல்லி, வர இரண்டு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டான். நாங்கள் வீட்டுக்குச் சொல்லிவிட அப்படி யாரும் அகப்படவில்லை; தேடினோம் என்றும் சொல்ல முடியாது.

1904இல் திறக்கப்பட்ட பாதை அது. சென்னை மாகாணத்தையும் திருவிதாங்கூரையும் மலையைக் குடைந்து இணைத்தார்கள். செங்கோட்டையே 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தது என்பதை ஜட்ஜ் வழியில் பாடம் நடத்தினான். ஏற்றத்துக்காக வண்டியின் பின்னால் இன்னோர் என்ஜினை மாட்டினார்கள். முன்னது இழுக்க, பின்னது தள்ள, நடக்கிற வேகத்தில் வண்டி மலையேறியது. பகவதிபுரத்தைத் தாண்டியதும் நீண்ட சுரங்கம். பெட்டி முழுதும் இருட்டி, எல்லோரும் ஒரே குரலில் கத்தினோம். எங்களுக்கு முன்னால் கத்தியவர் டையை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மருந்து விற்பனைப் பிரதிநிதி. சுரங்கத்தைவிட்டு வெளியே வந்தபோது மழை. சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் வெயில், இந்தப் பக்கம் மழை என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம். ஆரியங்காவில் டீ விற்றவர் மலையாளம் பேசினார். தென்மலைக்கு முன்னால் கல்தூண்கள்மேல் நிற்கும் பதின்மூன்று வளைவுப் பாலத்தில் வண்டி வளைந்து போகும்போது, கதவில் தொங்கிய நெட்டையை ஒரு பெரியவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து, மலையாளத்தில் வசைபாடி, பிறகு தன்னிடமிருந்த வாழைப்பழத்தைக் கொடுத்தார்.

கொல்லத்தில் கடலைப் பார்த்தோம். சூரியன் கடலில் இறங்குவதைத் திருச்செந்தூர்க்காரர்கள் பார்க்க முடியாது அல்லவா, நாங்கள் பார்த்தோம். தங்கசேரி கலங்கரை விளக்கத்தின் சிவப்பு வெள்ளைப் பட்டைகள் இருட்டும்வரை தெரிந்தன. பணம் கரைந்திருந்தது. மரவள்ளிக்கிழங்கும் மீன் குழம்பும் விலை குறைவு என்று கண்டுபிடித்து, இரண்டு வேளையும் அதையே சாப்பிட்டோம். தபால் நிலையத்தில் பதினைந்து பைசா கார்டு ஒன்றை வாங்கி, ‘நாங்கள் கொல்லத்தில் நலமாக இருக்கிறோம்’ என்று அம்மாவுக்கு எழுதிப் போட்டேன்.

அந்தக் கார்டு நான் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு வந்தது. தபால்காரர் கொடுத்ததும் அம்மா அதை என் முன்னால் நின்றுகொண்டே உரக்கப் படித்தாள். ‘கொல்லத்தில்’ என்ற சொல்லில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. அவள் அந்த நாட்களில் இரவு வாசல் விளக்கை அணைக்கவே இல்லை என்று அக்காதான் எனக்குச் சொன்னாள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், என்னைவிட நன்றாகப் படித்தவள். அவள் குற்றாலத்துக்குப் போனதெல்லாம் குடும்பத்தோடு வேன் வைத்துத்தான். பெண்கள் பக்கத்தில் சித்திகளுக்கு நடுவே குளித்துவிட்டு, ஈரத்தலையோடு வேனில் ஏறிவிட வேண்டும். அவளுக்கும் நெருங்கிய தோழிகள் இருந்தார்கள். அவர்கள் நான்கு பேராகச் சேர்ந்து போன அதிக தூரம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில். அதுவும் இருட்டுவதற்குள் திரும்பிவிட்டார்கள். நான் கொல்லம் போய் வந்த அன்றிரவு அவள் என்னை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். பின்னால் தள்ளும் என்ஜின் இறக்கத்தில் என்ன செய்யும்? சுரங்கத்துக்குள் பெட்டியில் விளக்குப் போடுவார்களா? ஆரியங்காவு டீக்காரர் என்ன வார்த்தையில் கூவினார்? எனக்குப் பாதிக் கேள்விகளுக்கு விடை தெரியவில்லை. நான் கத்துவதில் மும்முரமாக இருந்தேன். இன்று அந்தப் பயணத்தில் எனக்கு மறந்த இடங்களை அவள் எடுத்துக்கொடுக்கிறாள். போனவன் நான், நினைவில் வைத்திருப்பவள் அவள். எங்கள் காலத்தின் பயணங்களைப் பற்றி ஆண்கள் ஏக்கத்தோடு எழுதிய எதைப் படித்தாலும், அவர்கள் வீட்டில் இருந்த அக்கா தங்கைகள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று நான் தேடிப் பார்ப்பதுண்டு. பெரும்பாலும் அவர்கள் அந்தப் பக்கங்களில் இருப்பதில்லை.

பிறகு எல்லோரும் பிரிந்ததை விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் பிரிவது போலத்தான் பிரிந்தோம். நெட்டை அடுத்த முயற்சியில் கணக்கைத் தாண்டி, உயரத்தின் தயவில் ராணுவத்தில் சேர்ந்தான்; அவனுக்கு எழுதும் கடிதங்களில் ஊர்ப் பெயர் இருக்காது, ‘56 ஏபிஓ’ என்றுதான் முடியும். அச்சகத்துக்காரன் சிவகாசிக்குப் போய் ஆஃப்செட் கற்றுக்கொண்டான். ஜட்ஜ் வங்கிக்குப் போனான். கடையநல்லூர் சவூதி அரேபியாவில் தம்மாமுக்குப் போனான். ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்ட விமானத் தபால் உறைகளில் அவன் எழுதினான். கையெழுத்து மணிமணியாக இருக்கும், ஒவ்வொரு கடிதமும் ‘என்னைய எதுக்கு ஐந்தருவிக்கு வரச் சொன்னிய?’ என்று தொடங்கும். சில ஆண்டுகளில் அவன் வேலை மாறியிருக்க வேண்டும். நான் எழுதிய கடிதம் ஆள் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அதே காலத்தில் நாங்களும் வாடகை வீடு மாறியிருந்தோம். அவன் எழுதியிருந்தால் அதுவும் இப்படித்தான் திரும்பியிருக்கும். கடையநல்லூரில் மாமாவின் கடையைத் தேடிப் போனபோது அங்கே செல்போன் கடை இருந்தது. பிறகு இணையத்தில் தேடினேன். அவனுடைய பெயர் அந்த வட்டாரத்தில் ஆயிரம் பேருக்கு இருக்கும் பெயர். தேடினால் வரும் முகங்களில் எதற்கும் உயரம் தெரிவதில்லை.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15இல் வந்தது. எங்கள் ஊருக்கு அது பிரவுசிங் சென்டராக வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின. தந்தி 2013இல் நின்றது. எங்கள் பாதை 2004இல் அகல ரயில் பாதையானது. செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையிலான மலைப்பாதையை 2010இல் மூடி, 2018இல் அகலப் பாதையாகத் திறந்தார்கள். நாங்கள் நால்வரும் இப்போது ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். நெட்டை தினமும் காலை வணக்கப் படம் அனுப்புகிறான். யாரும் பதில் போடுவதில்லை. ஒரு நாள் அவன் அனுப்பாவிட்டால் மூவரும் தனித்தனியாக அவனைக் கூப்பிட்டு விசாரிக்கிறோம்.

மலைப்பாதை திறந்த பிறகு வந்த ஒரு பள்ளி விடுமுறையில், அக்கா தன்னோடு வேலை பார்த்த ஆசிரியைகளோடு அந்த ரயிலில் கொல்லம் போனாள். டிக்கெட்டை அவளே செல்போனில் எடுத்தாள், அறையையும் அதிலேயே பார்த்து வைத்தாள். எந்தக் கடையிலும் எதையும் சொல்லி வைக்க வேண்டியிருக்கவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய அந்தப் பெண்கள் வழி நெடுக அனுப்பிய படங்களில் பதின்மூன்று வளைவுப் பாலம் மட்டும் முப்பது கோணத்தில் இருந்தது. சுரங்கத்துக்கு முன் அவளிடமிருந்து வந்த செய்திகள் நின்றுபோயின; கொஞ்ச நேரம் கழித்து ஒரு குரல் பதிவு வந்தது. பெண்கள் கூட்டமாகக் கத்தும் சத்தத்துக்கு நடுவே அவள் சொன்னாள்: “டேய் தம்பி, வெளக்குப் போடுறாங்கடா!”

செல்போன் வந்து எல்லாம் கெட்டுப்போயிற்று என்று ஜட்ஜ் குழுவில் எழுதும்போதெல்லாம் நான் அந்தக் குரல் பதிவை அவனுக்கு அனுப்பிவைப்பேன். அவன் வழக்கம்போல இரு தரப்பையும் யோசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுவான். ஆனால் நானும் அவன் பக்கம் சாயும் நாட்கள் உண்டு. தென்காசியில் அண்மையில் இறங்கியபோது, தங்கும் இடத்துக்கு வழி தெரிந்தும், வேண்டுமென்றே செல்போனைப் பையில் போட்டுவிட்டு ஒரு டீக்கடையில் வழி கேட்டேன். கடையில் நின்ற இளைஞர் மரியாதையாக, “மேப்ல போட்டுப் பாருங்க சார், கரெக்டாக் காட்டும்,” என்றார். தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்ற அக்கறை அவருக்கு இருந்தது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. தப்பாகச் சொல்லும் துணிச்சல் அந்தப் பழக்கடைப் பெரியவருக்கு இருந்ததால்தான் கடையநல்லூர் எங்களுக்குக் கிடைத்தான்.

வரும் ஜூனில் கொல்லம் போவதாகப் பேச்சு. இந்த முறை அக்காவும் வருகிறாள். டிக்கெட் பொறுப்பு அவளுடையது. நெட்டைக்கு முழங்கால் வலி, அவனால் அதிக தூரம் நடக்க முடியாது. அச்சகத்துக்காரன் பேத்தியின் காதுகுத்து தேதி முடிவான பிறகு சொல்வதாக இருக்கிறான். ஜட்ஜ் ரயில் நேரங்களை ஒரு தாளில் எழுதிப் படம்பிடித்துக் குழுவில் போட்டான். அதில் இரண்டு நேரம் பழையது என்று அக்கா உடனே திருத்தினாள். ஜன்னல் ஓரம் யாருக்கு என்பது இன்னும் முடிவாகவில்லை.